சால்வை இருக்கட்டும், முதலில் மரத்தில் சோறு கட்டுங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும், திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரும் உப்பு சத்தியாகிரக நினைவு யாத்திரையை ஒட்டி, ஊர் இளைஞர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்கள் சிலரும் சேர்ந்து 1930-இல் நடந்ததைத் தெருவிலேயே நடித்துக் காட்டுகிறார்கள். யாரும் காசு வாங்குவதில்லை. இவர்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கலாம் என்று ஊரில் பேச்சு. சால்வை, ஷீல்டு, சான்றிதழ் போதுமா, வேறு ஏதாவது செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சால்வை போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். நானும் சில வருடங்கள் இப்படி வேஷம் கட்டியவன்தான், ஒரு தடவை எங்களையும் கூப்பிட்டுக் கௌரவித்தார்கள். நாலு மணிக்கு விழா என்றார்கள், வேஷத்தோடு வந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றார்கள், சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி ஏழேகால். அதுவரை கதரும் ஒட்டுமீசையுமாக மேடைக்குப் பக்கவாட்டில் நின்றோம். வேர்வையில் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்க, இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஒருத்தர் மூன்று மணி நேரம் ஓட்டினார். கடைசியில் ஷீல்டு ஒன்று குறைந்தது. யாருக்கு இல்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? லத்தியோடு போலீஸாக வந்தவருக்குத்தான். அன்றிலிருந்து எனக்கு ஷீல்டு என்றாலே கொஞ்சம் கசப்பு, அதனால் என் பேச்சில் அது தெரிந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லவருவது வேறு. உங்கள் ஊர்க்காரர்கள் நடிக்கிற சம்பவத்துக்குள்ளேயே, தொண்டர்களை எப்படிக் கௌரவிப்பது என்பதற்கான பதில் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13, தமிழ் வருடப் பிறப்பன்று, திருச்சி கண்டோன்மென்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பினார்கள். ஏறத்தாழ 150 மைல். கல்லணைப் பக்கமாகக் காவிரியை ஒட்டி வந்து, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பு எடுத்தார்கள், ராஜாஜி கைதானார், ஆறு மாதம் சிறை. இவ்வளவு எல்லாருக்கும் தெரியும், நடிப்பதும் இதைத்தான். பாதி பேர் மறந்துவிடுவது இன்னொரு கூட்டத்தை.

தஞ்சாவூர் ஜில்லா கலெக்டராக இருந்தவர் ஜே.ஏ. தார்ன். இவர் லத்தியைத் தூக்குவதற்கு முன்னால் வயிற்றில் கை வைத்தார். யாத்திரைக்காரர்களுக்கு இடம் கொடுத்தாலோ சோறு போட்டாலோ இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை என்று நோட்டீஸ் அடித்து, ஊர் ஊராகத் தண்டோரா போடவைத்தார். நூறு பேரை அடித்துக் கலைத்தால் பத்திரிகையில் வரும், பட்டினி போட்டால் அவர்களாகவே திரும்பிப்போவார்கள் என்பது கணக்கு. நல்ல கணக்குத்தான், காவிரிக் கரை ஜனங்களை மட்டும் அதில் சேர்க்க மறந்துவிட்டார். சோறு போட்டால்தானே குற்றம், மரத்தில் சோற்றுப் பொட்டலம் தொங்கினால் யாரைப் பிடிப்பாய்? சாலையோர மரக்கிளைகளில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் தங்கினால், அண்டாவோடு சோற்றைப் புதைத்துவிட்டு, எங்கே புதைத்திருக்கிறது என்று அடையாளம் மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் ஒளிவுமறைவே வேண்டாம் என்று வீட்டுக்கே அழைத்து விருந்து வைத்தார், அதற்காகச் சிறைக்குப் போனார். தார்ன் என்றால் முள், முள்ளும் நெருஞ்சியும் இந்த வெள்ளத்தைத் தடுக்காது என்று ராஜாஜி அவர் பெயரை வைத்தே கிண்டலடித்ததும் இந்தச் சமயத்தில்தான்.

ஆக, அன்றைக்குத் தொண்டர்களை இந்தப் பகுதி ஜனங்கள் கௌரவித்தது மாலை போட்டு மட்டுமல்ல. சோறு போட்டு, அதற்கு ஜெயிலுக்கும் தயாராக இருந்து. இன்றைக்கு நடிக்கும்போது நடப்பவர்கள் இருக்கிறார்கள், அடிப்பவர்கள் இருக்கிறார்கள், சோறு கட்டியவர்கள் வேஷம் காலியாகக் கிடக்கிறது. அந்த வேஷத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் என்றால் விழாக் கமிட்டி, ஊர், வேடிக்கை பார்க்கிற எல்லாரும்தான். யாத்திரை வரும் தடத்தில் உள்ள புளியமரம், பூவரச மரங்களில் முந்தின ராத்திரி யாருக்கும் தெரியாமல் பொட்டலம் கட்டிவையுங்கள். வீட்டுக்கு ஒரு பொட்டலம் என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் யாரையும் கெஞ்சவேண்டியதில்லை. காலையில் நடந்துவரும் பையன் தலைக்குமேல் வாழையிலைப் பொட்டலத்தைப் பார்த்து, அண்ணாந்தபடி நின்று, அப்புறம் எம்பிப் பறிப்பான் பாருங்கள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்காகத் தொண்டர் வேஷம் போட்டவன் அன்றைக்குத்தான் தொண்டனாகிறான்.

சரி, அடுத்தது பெயர். திருச்சியிலிருந்து எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று நாலு புத்தகத்தைப் புரட்டுங்கள். 98 என்று ஒன்று, நூறு என்று ஒன்று, 150 வரை போகிறது இன்னொன்று. வழியில் சேர்ந்தவர்களைக் கணக்கில் எடுத்தார்களா இல்லையா என்பதில் வருகிற குழப்பம். தலைவர்கள் பெயர் பிசகாமல் இருக்கிறது, உப்பு சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போன ருக்மிணி லட்சுமிபதி பெயர் இருக்கிறது, வேதாரண்யத்தில் இடம் கொடுத்துச் சொத்தை இழந்த வேதரத்தினம் பிள்ளை பெயர் இருக்கிறது, மரத்தில் சோறு கட்டிய ஒருத்தர் பெயரும் நம்மிடம் இல்லை. அதே தப்பை நடிக்கிறவர்கள் விஷயத்திலும் செய்துகொண்டிருக்கிறோம். நோட்டீஸில் "மற்றும் ஊர்ப் பொதுமக்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். ஒரு நல்ல தடித்த கணக்கு நோட்டு வாங்குங்கள், நூறு ரூபாய்க்குள் ஆகும். முதல் வருடத்திலிருந்து யார் என்ன வேஷம், எந்தத் தெரு, உடை யார் தைத்தது, கதர் எங்கே வாங்கியது, தப்பு மேளம் அடித்தது யார், யார் வீட்டுத் திண்ணையில் ஒத்திகை என்று அவர்களையே உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். அவரவர் கையெழுத்தைப் போடச் சொல்லுங்கள். விழா மேடையில் அந்த நோட்டு இருக்கட்டும். ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு, ஒரு பிரதி பள்ளிக்கூடத்துக்கு. போன் வீடியோ எல்லாம் எடுத்துத்தான் வைத்திருப்பீர்கள், ஆனால் போன் மாற்றும்போது பாதி போய்விடும், நோட்டு போகாது.

இந்த நோட்டில் போலீஸ் வேஷக்காரருக்குத் தனியாக இரண்டு பக்கம் ஒதுக்குங்கள் என்பேன், பாரபட்சம்தான். தெருவில் நடிக்கிறபோது மிகவும் கஷ்டமான வேஷம் அது. காந்தி குல்லா போட்டவனைப் பார்த்து ஜனங்கள் கும்பிடுவார்கள், இவரைப் பார்த்துக் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஓங்கிய லத்தி மேலே படாமல், ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பட்ட மாதிரி தெரியவேண்டும், அதற்கு நாலு நாள் பழக்கம் வேண்டும்.

அதைவிடவும் நுணுக்கமான காட்சி ஒன்று உண்டு, வேதாரண்யம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, வைரப்பன் காட்சி. சத்தியாகிரகிகளை அடிக்கிற போலீஸுக்குச் சவரம் செய்வதில்லை என்று சபதம் எடுத்த முடிதிருத்தும் தொழிலாளி. சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று பாதிச் சவரத்தில் தெரிந்ததும் கத்தியை மடக்கிவிட்டார். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள், மீதியைச் செய்து முடி என்றார்கள், வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சிறைக்குப் போனார். நடிக்கும்போது இந்தக் காட்சிக்குத்தான் கைதட்டல். ஆனால் உட்காரப்போகிற ஆளை யோசித்துப் பாருங்கள். சோப்பு நுரையை மட்டும் பாதி வழித்துக் காட்டலாம், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்றால் நாலைந்து நாள் தாடி வளர்த்து, நிஜமாகவே ஒரு கன்னத்தை மழிக்கவேண்டும். எங்களோடு இருந்த ஒருவர் அப்படித்தான் செய்தார், சாயங்காலக் காட்சியும் இருந்ததால் பகல் முழுக்க அரைத் தாடியோடு கடைத்தெருவில் சுற்றினார். யாரும் கேட்டால் கதையைச் சொல்வார். மேடையில் சொன்னதைவிடக் கடைத்தெருவில் அவர் சொன்னதைத்தான் அதிகம் பேர் கேட்டிருப்பார்கள்.

ஜெர்மனியில் ஓபராம்மர்காவ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1633-இல் கொள்ளை நோய் வந்தபோது ஏசுவின் பாடுகளை நடித்துக் காட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1634-இல் ஆரம்பித்து இன்றுவரை நடத்துகிறார்கள், இப்போது பத்து வருடத்துக்கு ஒருமுறை. அந்த ஊரில் பிறந்திருக்கவேண்டும், அல்லது இருபது வருடம் அங்கே குடியிருந்திருக்கவேண்டும், அப்போதுதான் நடிக்கமுடியும். முந்தின வருடத்திலிருந்தே ஆண்களும் பெண்களும் முடி வெட்டுவதில்லை, ஆண்கள் தாடியும் எடுப்பதில்லை. ரோமானியராக வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. அங்கே ஊருக்குள் ஒருவர் முடி வளர்ப்பதே எல்லாருக்கும் செய்தி. மேடை ஏற உரிமை இருப்பதுதான் மரியாதை, தனியாகப் பாராட்டு விழா எதற்கு?

அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும், நம்மிடமே இருக்கிறது. மணப்பாறைப் பக்கம் வீரப்பூரிலும் கொங்குநாட்டு ஊர்களிலும் பொன்னர் சங்கர் கதையில் படுகளம் விழுவார்கள். போரில் செத்தவர்களாக ஊர்க்காரர்களே விழுந்து கிடப்பார்கள், வெள்ளைத் துணி போர்த்திவிடுவார்கள், பிறகு பொன்னர் சங்கரின் தங்கை தங்காள் வந்து தீர்த்தம் தெளித்து எழுப்புவதாக நடக்கும். விழுந்து கிடப்பவரை யாரும் நடிகர் என்று நினைப்பதில்லை. அவரைத் தூக்கிப்போவதும் துணி போர்த்துவதும் காவல் நிற்பதும் அழுவதும் எல்லாமே ஊரின் வேலை. கைதட்ட அங்கே ஆளே கிடையாது, எல்லாருக்கும் ஒரு பங்கு உண்டு. மரத்தில் பொட்டலம் கட்டச் சொன்னதும் இந்த நினைப்பில்தான்.

தெருக்கூத்து, நாடக மேடைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. காட்சி உச்சத்தில் இருக்கும்போது ஒருத்தர் மேலே ஏறி சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார், மைக்கில் "இன்னார் அன்பளிப்பு இவ்வளவு" என்று அறிவிப்பு வரும். ஆசையில் செய்வதுதான், தப்பென்று சொல்லவில்லை. ஆனால் ராஜாஜி உப்பை அள்ளக் குனியும்போது ஐந்நூறு ரூபாய் அறிவிப்பு வந்தால் மொத்தமும் கெட்டுப்போகும். பணம் கொடுப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், காட்சிக்கு நடுவில் மைக் கிடையாது என்று.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது, இதைப் பலபேர் யோசிப்பதேயில்லை. ஏப்ரல் மாதம் வேதாரண்யம் பக்கம் உப்பளம் மும்முரமாக ஓடும். தூத்துக்குடிக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் உப்பு அதிகம் விளைகிற இடம். உங்கள் குழுவில் உப்பளத்துக்கோ வயல் வேலைக்கோ போகிறவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். ஒத்திகைக்கு ஒன்றிரண்டு நாள், நிகழ்ச்சிக்கு ஒரு நாள் என்று கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள், வாய் திறந்து கேட்கவும் மாட்டார்கள். ஷீல்டுக்கு ஒதுக்கிய தொகையில் அந்த நாள் கூலியைக் கவரில் போட்டு, மேடையில் இல்லாமல், வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். உதவி என்று சொல்லாதீர்கள், நாள் கணக்கு என்று சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, உப்பு எடுக்கும் காட்சியை அவர்கள் கையில் விடுங்கள். ஒரு வாத்தியார் பாக்கெட் உப்பை மணலில் கொட்டிவைத்து அதை அள்ளுவதும், பாத்தியில் உப்பு வாரிப் பழகிய ஒருவர் குனிந்து அள்ளுவதும் ஒன்றாகுமா? முதுகு வளைவதிலேயே தெரிந்துவிடும்.

கொஞ்சம் சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு எந்த வேஷம் என்பதில் ஜாதி நுழைகிறதா என்று பாருங்கள். ராஜாஜி வேஷம் வருடா வருடம் ஒரே தெருவுக்கு, வைரப்பன் வேஷம் எப்போதும் சவரத் தொழில் செய்கிற குடும்பத்துக்கு, கூட்டத்தில் கடைசியில் வருவது காலனிப் பையன்கள் என்று இருந்தால், 1930-ஐ நடிக்கவே இல்லை, நம் ஊரைத்தான் நடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த யாத்திரையில் நடந்தவர்கள் வழியில் சேரிகளுக்குப் போனார்கள், தீண்டாமைக்கு எதிராகப் பேசினார்கள், கதரைப் போலவே அதுவும் யாத்திரையின் ஒரு பகுதி. வேஷத்தைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். விழாவன்று பந்தி ஒன்றாக இருக்கட்டும், மேடையில் நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு என்பதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இதைச் சொன்னதால் ஓர் ஊரில் என்னை மறுவருடம் கூப்பிடவில்லை. பரவாயில்லை.

அப்புறம், தப்பைத் திருத்துவதும் மரியாதையில் சேர்த்தி என்று நினைக்கிறவன் நான். ஆர்வமாகச் செய்கிறார்கள், போகட்டும் என்று விடுவது அவர்களைச் சின்னப் பிள்ளைகளாக நடத்துவது. அடிக்கடி பார்க்கிற தப்பு, கோலூன்றிய காந்தி முன்னால் போவார், ராஜாஜி பின்னால் வருவார். காந்தி இந்த யாத்திரைக்கு வரவேயில்லை, அவர் ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டியில் உப்பு எடுத்துவிட்டு குஜராத்திலேயே இருந்தார், மே 5-ஆம் தேதி அங்கேயே கைதானார். அடுத்தது கொடி. பிள்ளைகள் கையில் அசோகச் சக்கரம் போட்ட இன்றைய கொடி. அது 1947-இல் வந்தது. 1930-இல் காங்கிரஸ்காரர்கள் பிடித்தது வெள்ளை, பச்சை, சிவப்பு மூன்று பட்டையும் நடுவில் ராட்டையும் உள்ள கொடி, காவி நிறம்கூட மறு வருடம்தான் வந்தது. உங்கள் ஊரில் தையல் தெரிந்த யாராவது அந்தக் கொடியை ஒன்று தைத்துக் குழுவுக்குப் பரிசாகக் கொடுத்தால், பத்து ஷீல்டுக்குச் சமம். பாட்டுக்குக் கவலையில்லை, நாமக்கல் கவிஞர் இந்த யாத்திரைக்காகவே எழுதிய நடைப்பாட்டு இருக்கிறது, அதை ஒலிபெருக்கியில் ஓடவிடாமல் வாயால் பாடிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை.

பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுங்கள், அவர்களுக்கு அது உபயோகப்படும், பெயரையும் இனிஷியலையும் மட்டும் பள்ளி ஆவணத்தோடு ஒத்துப்பார்த்து அச்சிடுங்கள். பெரியவர்களுக்கு வெயில்தான் பிரச்சினை. காலை எட்டரைக்குள் நடை முடிந்துவிடவேண்டும், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். உப்புப் போட்ட மோர் ஊர் எல்லையிலிருந்தே இருக்கட்டும். உப்பு வரிக்கு எதிராக நடக்கிறவன் உப்புச்சத்து இறங்கி மயங்கி விழுவது கேலிக்கூத்து, ஆனால் நடந்திருக்கிறது. செருப்பில்லாமல் நடப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பின்னாலேயே ஒருத்தர் செருப்பை எடுத்துக்கொண்டு வரட்டும்.

பொட்டலத்துக்குப் புளியோதரைதான் தோது, ராத்திரி கட்டினால் காலையில் கெடாமல் இருக்கும். தயிர்சாதம் வேண்டாம். வாழையிலையை வாட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மடிக்கும்போது கிழியும். வாழைநாரால் கட்டி, ஆள் கைக்கு எட்டுகிற கிளையாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள், பிள்ளைகளுக்கென்று சிலது தாழ்வாக. கட்டுகிற நாரில் மட்டும் மறக்காமல் வேப்பெண்ணெய் தடவிவிடுங்கள். முதல் வருடம் நாங்கள் தடவவில்லை, விடிவதற்குள் பாதிப் பொட்டலத்தை எறும்பு எடுத்துக்கொண்டது.